பிள்ளை பேச்சு தெளியலையா? பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கமிருந்து இங்கிலாந்து வந்தவங்களுக்கு

தங்கச்சி ஒருத்தங்க கேட்டதுக்குப் பதில். நாலு வயசுப் பையன், நர்சரியில "பேசறது புரியல, ஸ்பீச் தெரபிக்கு எழுதட்டுமா"ன்னு கேட்டிருக்காங்க. சரின்னு சொல்லிடுங்கம்மா. பல இடத்துல ஜிபி (குடும்ப டாக்டர்) கடிதம் இல்லாம நாமளே விண்ணப்பிக்கலாம். காத்திருப்பு நீளம், அதனால "அவங்கப்பனும் லேட்டாத்தான் தெளிஞ்சான்"னு ஊர்ல சொல்றதைக் கேட்டு ஒத்திப்போட வேண்டாம். மூணு வயசுல வெளியாளுக்கு முக்கால்வாசி புரியணும், நாலு வயசுல அநேகமா எல்லாமே புரியணும். பொதுவா வச்சிருக்கிற கணக்கு இது.

முதல்ல காது. நடுக்காதுல நீர் கோத்திருந்தா வலி இல்லாமலே கேட்கிறது மங்கலாகும். செவிப் பரிசோதனை முடியாம நாக்கைக் குறை சொல்லாதீங்க.

அடுத்தது விண்ணப்பத்துல வர்ற 'வீட்டு மொழி' கட்டம். நம்ம எல்லைப் பக்கத்து ஆளுங்க மாட்டிக்கிறது இங்கதான். அப்பா அம்மாகிட்ட தமிழ், அம்மாச்சிகிட்ட போன்ல மலையாளம், நர்சரியில இங்கிலீஷ். 'தமிழ்'னு மட்டும் எழுதாம மூணையும், யார்கிட்ட எதுன்னும் எழுதுங்க. மொழிபெயர்ப்பாளர் கேளுங்க, என்எச்எஸ்-ல (இங்க அரசு மருத்துவச் சேவை) அதுக்குக் காசில்லை. ஆனா வர்றவர் சென்னைக்காரரோ யாழ்ப்பாணத்துக்காரரோ இருக்கலாம், நம்ம கலப்புப் பேச்சைப் பிழைன்னு நினைச்சுடக்கூடாது. பையன் வீட்டுல பேசறதைப் போன்ல பதிவு பண்ணிக் கொண்டுபோங்க.

ஏன்னா நிஜமான ஒலிக்கோளாறுன்னா பெரும்பாலும் எல்லா மொழியிலயும் தலைகாட்டும். காக்காவைப் பார்த்து 'தாத்தா'ங்கறான் (ஊர்ல தாத்தாவுக்குக் கோவம்!), இங்கிலீஷ்ல 'கார்' 'தார்' ஆகுது. 'க' வர்ற இடத்துல எல்லாம் 'த' வருது. நாலு வயசுல இது போயிருக்கணும், தெரபிஸ்ட் பார்க்கட்டும். பழம் 'பளம்' ஆகறதுக்கு அலட்டிக்காதீங்க, பெரியவங்களே பாதிப்பேர் அப்படித்தான். இங்கிலீஷ் 'ட்' நம்ம ஊர் மாதிரி அழுத்தி வந்தா அது சாயல், நோய் இல்லை.

சிகிச்சைன்னா வாயைத் திறந்து 'க, க'ன்னு கத்த வைக்கிறது மட்டுமில்லை. காய், தாய் ரெண்டுக்கும் படம் வச்சிருப்பாங்க. காய் கேட்க நினைச்சு 'தாய்'னா தாய் படம்தான் கைக்கு வரும். ஒலி மாறினா பொருளே மாறுதுன்னு அவனுக்கே உறைக்கும். 'கட்டு, தட்டு' வச்சு வீட்டுலயும் விளையாடுங்க, தினமும் கொஞ்ச நேரம் போதும்.

நாக்குல வசம்பு தேய்க்கிறது, விசில் ஊத வைக்கிறது, இதெல்லாம் ஒலியைத் திருத்தினதா ஆதாரம் கிடையாது. தமிழை நிறுத்திட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுங்கன்னு யார் சொன்னாலும் கேட்காதீங்க. ரெண்டு மொழி பேசறதால ஒலிக்கோளாறு வராது.

ஒரே சொல்லை ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி சொல்றான், உயிரெழுத்தும் புரளுது, வாய் அந்த ஒலியைத் தேடித் தடுமாறுதுன்னா அது வேற வகை, அப்ராக்சியாவா (வாயசைவை மூளை திட்டமிடறதுல வர்ற சிக்கல்) இருக்கலாம். விண்ணப்பத்துலயே அதை எழுதுங்க. முன்னே பேசின சொற்களே மறையுதுன்னா வரிசையில காத்திருக்காம ஜிபிகிட்ட போங்க.

லீவுக்கு ஊர் போனா கோயம்புத்தூர் பக்கம்தானே, அங்க தமிழ்லயே சோதிக்கிறவங்க கிடைப்பாங்க. திருவனந்தபுரத்துல நிஷ்-ங்கற பேச்சு-செவி நிறுவனம், மைசூர் பேச்சு-செவி நிறுவனம் ரெண்டும் பெரிய இடங்க. தனியார்கிட்ட போனா ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்க. ரிப்போர்ட்டை இங்கிலீஷ்ல வாங்குங்க, எந்த மொழியில சோதிச்சாங்கன்னு அதுல எழுதச் சொல்லுங்க.