மறு: அகலக் கோண ஜூம் லென்ஸுக்குத் தமிழ்ச் சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

'அல்ட்ரா வைடு ஜூம்' லென்ஸைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஓடும் இந்த இழையை நாலு நாளாகப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் படம் எடுப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. 16–35 லென்ஸ் ஒன்று (குவியத் தூரம் 16 முதல் 35 மி.மீ. வரை மாறும், எண் குறையக் குறையக் காட்சி அகலும்) கேமராவை விட்டு இறங்குவதே இல்லை. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

> "அதிஅகலக் கோணப் பெரிதாக்கு வில்லை" என்று வைக்கலாமா?

வேண்டாங்க. நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், 'பெரிதாக்கு'தான் இடிக்கிறது. 70–200 வைத்திருப்பவருக்கு அது சரி. 16 பக்கம் வளையத்தைத் திருகினால் தூரத்துப் பொருள் எதுவும் பெரிதாகாது, சிறுத்துத்தான் போகும். கானாடுகாத்தானில் ஒரு வீட்டு முகப்பில் நின்று பாருங்கள். வாசல்கள் நேர்க்கோட்டில் இருப்பதால் வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்வாசல் வெளிச்சம் வரைக்கும் தெரியும். அதே இடத்தில் 16 மி.மீ. வைத்தால் பின்வாசல் கடுகாகிவிடும், காலடியில் கிடக்கும் ஒற்றை ஆத்தங்குடித் தளக் கல் தாம்பாளமாக விரியும். லென்ஸின் துளையை எஃப்/8 அளவில் வைத்து 1.1 மீட்டரில் குவித்தால் அரை மீட்டருக்குச் சற்று அப்பால் தொடங்கி அந்தக் கடுகு வரைக்கும் எல்லாம் தெளிவாக இருக்கும். இந்த லென்ஸை வாங்குவதே இதற்காகத்தான். இதைப் போய்ப் 'பெரிதாக்கி' என்றால் வாங்கினவன் ஏமாந்து போவான்.

> மீயொலி என்பது போல "மீயகலக் கோணம்" நல்ல தமிழாக இருக்குமே.

சொல் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அகலம் எங்கே முடிகிறது, 'மீ' எங்கே தொடங்குகிறது? 24-ஆ, 20-ஆ, 18-ஆ? சொல்லைப் பார்த்து ஒன்றும் பிடிபடவில்லை.

நான் சொல்ல வந்த சொல் என் சொல் இல்லை. முந்தாநாள் ஒரு வீட்டில் வேலை. உதவிக்கு வரும் பையன் பத்தாவது முடித்தவன். அவனிடம் வழக்கமாக "வைடு எடுப்பா" என்பேன். அன்றைக்கு இந்த இழையைப் படித்த வேகத்தில், "அந்த விரிகோணத்த எடு" என்றேன். பையைத் திறந்தவன் அப்படியே நிமிர்ந்து பார்த்தான்.

"தொண்ணூறுக்கு மேலயாண்ணே?"

சிரித்துவிட்டேன். வேலை முடிந்து திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது. பள்ளிக்கூடக் கணக்கில் 90 பாகைக்குக் குறைந்தால் குறுங்கோணம், 90 செங்கோணம், அதற்கு மேல் விரிகோணம். முழுச்சட்டக (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் படம் விழும் பரப்பு 36-க்கு 24 மி.மீ., மூலைவிட்டம் 43.3. லென்ஸின் குவியத் தூரம் அந்த மூலைவிட்டத்தில் பாதியாகும்போது, அதாவது 21.6 மி.மீ.யில், பார்வைக் கோணம் சரியாக 90 பாகை. 24 மி.மீ. என்றால் 84, குறுங்கோணம். 16 என்றால் 107, 14 என்றால் 114, 11 என்றால் 126. எல்லாமே அச்சு அசல் விரிகோணங்கள். 24-க்குக் கீழே போனால்தான் 'அல்ட்ரா வைடு' என்று உலகம் பொதுவாகப் பிரிக்கிறது. பள்ளிக்கூடச் சொல் ஏறக்குறைய அதே இடத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறது! சின்னச் சென்சார் (ஏபிஎஸ்-சி) கேமராவுக்கும் இதே விதிதான்: மூலைவிட்டம் 28 மி.மீ. சொச்சம், பாதி 14. அதற்கான 11–16 லென்ஸ் 14-க்குக் கீழே விரிகோணம்.

> "விரிகோணம்" என்பதை 28, 35 லென்ஸுக்கெல்லாம் ஏற்கெனவே எழுதுகிறார்களே?

எழுதுகிறார்கள். 35-இன் கோணம் 63 பாகை. அதை விரிகோணம் என்று எழுதினால் கணக்கு வாத்தியார் சுழித்துவிடுவார். 24, 28, 35 மூன்றுக்கும் 'அகலக்கோணம்' இருக்கட்டும். 'விரிகோண'த்தை அது உண்மையாகவே விரிகிற இடத்துக்கு விட்டுவிடலாம்.

> எந்தக் கோணத்தைச் சொல்கிறீர்கள்? மூலைவிட்டக் கோணமா, கிடைக் கோணமா?

நியாயமான கேள்வி. கம்பெனிக்காரர்கள் விளம்பரத்தில் போடுவது மூலைவிட்டக் கோணம், நானும் அதையே எடுத்துக்கொண்டேன். தொழிலில் நான் பார்ப்பது கிடைக் கோணம். வளவின் ஒரு மூலையில் முதுகை ஒட்டி நின்றால் இரண்டு பக்கச் சுவரும் மேஸ்திரியின் மூலைமட்டம் போலச் செங்கோணத்தில் பிரியும். இரண்டும் சட்டகத்துக்குள் வர வேண்டுமென்றால் கிடையாக 90 வேண்டும், அதற்கு 18 மி.மீ. 24-ஐ வைத்தால் பக்கத்துக்கு எட்டுப் பாகை வெட்டுப்பட்டு, ஓரத்துப் பர்மாத் தேக்குத் தூண் காணாமல் போகும். ஆக, 18-க்கும் 21-க்கும் நடுவில் உள்ளதற்கு மட்டும் வழக்கு நடத்தலாம். 16 இரண்டு கணக்கிலும் உள்ளே, 24 இரண்டிலும் வெளியே.

'ஜூம்' பற்றி. 'மாறுகுவியம்' என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். குவியத் தூரம் மாறும்போது குவிப்பும் நழுவிவிடுகிற லென்ஸ்களை 'வேரிஃபோகல்' என்று தனி வகையாகச் சொல்கிறார்கள், அந்தச் சொல்லை அவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். ஜூமை ஜூமாகவே விடுங்கள். காப்பியை விட்டுவிடவில்லையா?

இழையில் யாரும் தொடாத ஒன்று: இந்த லென்ஸ் ஓரத்தில் செய்கிற வேலைக்கு என்ன பெயர்? 'உருக்குலைவு' என்று எழுதிவிட்டுப் போகிறோம். கோடு வளைந்தால் அது சரி. நல்ல விரிகோண லென்ஸில் கோடு வளையாது, தளக் கல் வரிசை நூல் பிடித்தாற்போல் நேராகவே நிற்கும். ஆனால் உருண்டையாக எது இருந்தாலும் ஓரத்தில் இழுபடும். ஒரு சாந்தி கல்யாணத்தில் (அறுபதாம் கல்யாணம்), இடம் பத்தாமல் இதே லென்ஸில் பங்காளிகளை நிறுத்தி எடுத்தேன். கடைக்கோடியில் நின்ற ஆச்சி ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, "ஏப்பா, நா இம்புட்டுக் குண்டாவா இருக்கேன்? பொங்கப் பானையாட்டம் ஆக்கிப்புட்டியே" என்றார். 16 மி.மீ.யில் பக்க ஓரத்து முகம் அகலவாக்கில் ஒன்றரை மடங்கு இழுபடும், ஆச்சி மேல் தப்பே இல்லை. இதற்கு 'ஓர இழுப்பு' என்று வைக்கலாமா? கேமராவை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் மேலே ஒன்றை நோக்கி ஒன்று சாய்வது வேறு சங்கதி. அதைப் பார்த்த கொத்தனார் ஒருவர் "தூக்கு தப்பியிருக்கு" என்றார். அவர் தூக்குக்குண்டைச் சொன்னார். 'செங்குத்துக்கோட்டுக் குவிவு' என்று நான் குறிப்பில் எழுதி வைத்திருந்ததை அன்றைக்கே அடித்துவிட்டேன். இப்போது முக்காலியில் ரசமட்டம் பார்த்துவிட்டுத்தான் பட்டனைத் தொடுகிறேன்.

ஆக என் ஓட்டு 'விரிகோண ஜூம்'. புத்தகத்தில் எழுதும்போது சொல்லுக்குப் பின்னால் 'வில்லை' ஒட்ட விரும்புகிறவர்கள் ஒட்டிக்கொள்ளலாம். 16–35-இன் 35 முனை விரிகோணம் இல்லை என்று யாராவது கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: தெரியும். ஜூமுக்கு அதன் அகல முனையை வைத்துத்தான் பெயர்.

பையன் இப்போது 24–70-ஐக் 'குறுங்கோணம்' என்கிறான். "அண்ணே, குறுங்கோணத்துக்கு மூடியக் காணோம்" என்று நேற்று ஒரு கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் கத்தினான். 84 பாகை. திருத்த வழியில்லை.