ஊர் டீமைப் பற்றிய முதல் நினைவு: ஆண்டைப் பிடிப்பது எப்படி?

வடவாறு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர் கால்பந்து டீமைப் பற்றி ஒரு மலர் போடும் வேலை நடக்கிறது. 55 வயது முதல் 80 வயது வரை உள்ளவர்களிடம் "சின்ன வயதில் நம்ம டீம் ஆடி நீங்கள் முதன்முதலாகப் பார்த்தது எது?" என்று கேட்டுப் போனில் பதிவு செய்கிறோம். பேச்சு அருமையாக வருகிறது, ஆண்டுதான் வர மாட்டேன் என்கிறது. ஒரே ஃபைனலை ஒருவர் 1974 என்கிறார், அடுத்தவர் 1981 என்று அடித்துச் சொல்கிறார்.

கையில் இருப்பவை: தேய்ந்துபோன எழுத்துகளோடு ஒரு சுழற்கோப்பை, கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட சில குரூப் போட்டோக்கள், ஆண்டு போடாத ஒரு நோட்டீஸ். "மே 7 ஞாயிறு மாலை 4.30 மணி" என்று மட்டும் அதில் இருக்கிறது. இவற்றை வைத்து ஆண்டை எப்படிக் கட்டுவது? முரண்படும் நினைவுகளை விட்டுவிடலாமா?

குடமுருட்டி:

முதலில், "எந்த வருஷம்?" என்ற கேள்வியைக் கேட்காதீர்கள் தம்பி. கேட்டால் ஒரு எண் வரும். அதைச் சொல்லிவிட்டவர் பிறகு எல்லாவற்றையும் அந்த எண்ணுக்கு ஏற்றபடி வளைப்பார். கேட்க வேண்டியவை வேறு: எந்த வாத்தியார் வகுப்பு? யார் கூட்டிப் போனது, நடந்தா, சைக்கிள் கேரியரிலா? வீட்டில் அப்போது கரண்டு இருந்ததா? கடைசித் தம்பியோ தங்கையோ பிறந்தாயிற்றா? இப்படி நாலைந்து பதில் கிடைத்தால் ஆண்டு தானாக நெருங்கும்.

நம் பக்கத்துக்குப் பயன்படும் சில முளைக்குச்சிகள்:

மகாமகம் 1956, 1968, 1980, 1992, 2004, 2016. "மாமாங்கத்துக்கு அடுத்த கோடை" என்று சொன்னால் அது தங்கம். நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயல்கள் 1952 நவம்பர் 30, 1977 நவம்பர் 12. கூரை பறந்த பள்ளிக்கூடத்தை யாரும் மறப்பதில்லை. அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3, எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24. மாயவரம் மயிலாடுதுறை ஆனது 1982-இல். ஆனால் இன்றைக்கும் பாதிப் பேர் மாயவரம் என்றுதான் சொல்கிறார்கள், ஆகவே வாய்ப்பேச்சில் வருவதைச் சாட்சியாக எடுக்காதீர்கள். அச்சில் இருந்தால் மட்டும் எடுங்கள்.

படிப்பும் நல்ல குறி. தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது 1978-இல். அதற்கு முன் 11 வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி., பிறகு கல்லூரியில் பி.யூ.சி. "ஹாஃப் பேக் ஆடின அண்ணன் பி.யூ.சி. படிச்சுக்கிட்டிருந்தார்" என்றால் மேல் எல்லை கிடைத்துவிட்டது.

சோழன் பஸ் (நம் பக்கத்து அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பழைய பெயர்) என்றால் 1972 முதல். 1997-இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். டிக்கெட் விலையில் ஏமாறாதீர்கள்: தசம நாணயம் 1957 ஏப்ரல் 1-இலேயே வந்துவிட்டாலும், 25 காசை நாலணா என்றும் 50 காசை எட்டணா என்றும் அதன் பிறகும் பல காலம் சொன்னோம். "நயா பைசா" என்று நோட்டீஸில் அச்சாகியிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மாதத்துக்கு ஆறே சாட்சி. "மணல்ல இறங்கி நடந்து அக்கரைத் திடலுக்குப் போனோம்" என்றால் மேட்டூர் அடைத்திருந்த காலம். வழக்கமான கணக்கில் ஜனவரி 28-இல் அடைப்பு, ஜூன் 12-இல் திறப்பு. அந்த நாலரை மாதத்துக்குள்தான் இருக்க வேண்டும். தண்ணீர் தள்ளிப்போன ஆண்டுகள் பல உண்டு. அதனால் இதை வைத்து மாதத்தை மட்டும் தீர்மானியுங்கள், ஆண்டைத் தீர்மானிக்காதீர்கள்.

இன்னொன்று: பழைய ஆட்களின் சான்றிதழ் வயதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியாரே மே, ஜூனில் ஒரு தேதியைப் போட்டு வைத்தது ஊர் ஊருக்கு நடந்ததுதான். ஓரிரு ஆண்டு முன்னே பின்னே இருக்கும்.

ஸ்டாப்பர் பேக்:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஆட்டத்துக்குள்ளேயே ஆண்டு இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை.

பந்திலிருந்து தொடங்குங்கள். பழைய தோல் பந்தில் வாய் பிளந்திருக்கும், உள்ளே ரப்பர் பிளாடர். காற்றடித்து, பிளாடரின் குழாயை மடக்கி நூலால் கட்டி உள்ளே தள்ளி, மேலே தோல் வாரை ஷூ லேஸ் மாதிரி இழுத்து முடிய வேண்டும். வார் முடிச்சு இருக்கும் பக்கம் நெற்றியில் பட்டால் தோல் கிழியும். மழையில் நனைந்தால் தோல் தண்ணீரைக் குடித்துப் பந்து கல்லாகிவிடும், ஹெட் பண்ணவே பயப்படுவார்கள். "வார் போட்ட பந்து" என்று ஒருவர் சொன்னால் அதை யார் முடிந்தது, எதைத் தடவினார்கள் என்று கேளுங்கள். பார்த்தவருக்கு விடை வரும், கேட்டுத் தெரிந்துகொண்டவர் தடுமாறுவார். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட 32 துண்டுப் பந்து (கறுப்பு ஐங்கோணம் 12, வெள்ளை அறுகோணம் 20) உலகக் கோப்பைக்கு வந்ததே 1970-இல். நம்மூர்த் திடலுக்கு அதற்கும் பிறகுதான்.

மஞ்சள், சிவப்பு அட்டையும் 1970 உலகக் கோப்பையில் தொடங்கியதுதான். ரெஃப்ரி கையை நீட்டி "வெளியே போ" என்று மட்டும் சொன்னாரா, சட்டைப் பையிலிருந்து அட்டை எடுத்தாரா என்று கேட்கலாம். அட்டை என்றால் கீழ் எல்லை கிடைத்தது. அட்டை இல்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, எத்தனையோ ஊர் டோர்னமெண்டில் அட்டை வாங்கவே இல்லை.

சொந்த டிஃபென்ஸ் காலால் திருப்பிக் கொடுத்த பந்தை கோலி கையால் பிடித்தாரா? 1992-இல்தான் அதைத் தடை செய்தார்கள். ஊர் ஆட்டங்களுக்குச் சில ஆண்டு சலுகை கொடுங்கள்.

பட்டப்பெயர் ருசியான குறி. ஒரு ஃபார்வர்டை ஊரே "மரடோனா" என்றால் பெரும்பாலும் 1986-க்குப் பிறகு. அந்த மெக்சிகோ உலகக் கோப்பையைத் தூர்தர்ஷனில் பார்த்த கோடை அது. "பீலே" என்றால் கவனம் வேண்டும்: 1958 முதலே அவர் உலகப் புகழ், 1977-இல் கொல்கத்தாவுக்கு வந்து மோகன் பகானோடு ஆடிவிட்டுப் போனார். இருபது ஆண்டு இடைவெளியில் எங்கேயும் விழலாம்.

கோல் போஸ்ட்டையும் கேளுங்கள். மூங்கில் நட்டு, குறுக்கே கயிறு கட்டியிருந்தால் பந்து கயிற்றுக்கு மேலா கீழா என்ற சண்டை நிச்சயம் இருந்திருக்கும். அந்தச் சண்டையை வைத்தே இரண்டு சாட்சிகள் ஒரே மேட்சைத்தான் சொல்கிறார்களா என்று பிடிக்கலாம். ஸ்கோர் மறக்கும், சண்டை மறக்காது!

ஒரு எச்சரிக்கை. "நம்ம டீம்ல ஒரு சென்டர் ஃபார்வர்டு இருந்தான்" என்று எல்லோரும் சொல்லும் ஆள் பல நேரம் ஒரே ஒரு டோர்னமெண்டுக்குக் கூலிக்கு வந்த வெளியூர்க்காரராக இருப்பார். அவர் வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று கேளுங்கள். தெரு தெரியாவிட்டால் கெஸ்ட் பிளேயர்.

கந்தூரித் திடல்:

அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர் பக்கத்து டோர்னமெண்டைப் பற்றி யாராவது சொன்னால் நோன்பைக் கணக்கில் எடுங்கள். ரமலான் ஆண்டுக்கு 10, 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும், ஏறக்குறைய 33 ஆண்டில் ஒரு சுற்று. 1986-இல் நோன்பு மே 10 வாக்கில் தொடங்கியது. 1987-இல் ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மாதம் பெரும்பாலும் நோன்புதான். மீண்டும் 2019-இல் அதே நிலை. ஆகவே "86 மே மாசம் நடுவுல, சாயங்காலம் ஃபைனல்" என்று ஒருவர் சொன்னால் ஆண்டு தவறாக இருக்கலாம், அல்லது மாதம். இரவில் லைட் போட்டு நடந்ததா, பெருநாள் கழித்துத் தள்ளி வைத்தார்களா என்று கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும்.

காரைக்கால் டீம் "பிரெஞ்சுக்காரன் காலத்துல" வந்தது என்றால் 1954 நவம்பர் 1-க்கு முன். இதைக் கண்ணால் பார்த்தவருக்கு இன்று 75-க்குக் குறையாமல் வயது இருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளவர் சொன்னால் அது அவர் அத்தா சொன்ன கதை. தவறில்லை, "கேட்டது" என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பொதுவாகவே மூன்று வயதுக்கு முந்தைய நினைவு பெரியவர்களுக்கு நிற்பது அரிது, ஆறு ஏழு வயது வரைக்கும் துண்டு துண்டாகத்தான் நிற்கும். துண்டு என்றால் தோளில் உட்கார்ந்தது, விசில் சத்தம், சுண்ணாம்புக் கோட்டில் கால் வைத்துத் திட்டு வாங்கியது, சுண்டல் பொட்டலம். ஐந்து வயதுப் பிள்ளை ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய உயரம்தான். கூட்டத்தில் தரையில் நின்றால் முன்னால் இருப்பவரின் கைலிதான் தெரியும். அந்த வயதில் மூன்று கோலையும் வரிசையாகப் பார்த்தேன் என்று சொன்னால், பிற்காலத்தில் டீக்கடைப் பெஞ்சில் பேசிப் பேசிச் சேர்ந்தது. ஒரே பெஞ்சில் உட்காரும் நாலு பேர் ஒரே மாதிரி சொன்னாலும் அது ஒரு சாட்சிதான், நாலு இல்லை. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ போய்த் தங்கிவிட்டவரைப் பிடியுங்கள். அவர் நினைவு ஊர்ப்பேச்சில் கலக்காமல் இருக்கும்.

ஸ்டூடியோ வாசல்:

கோப்பை, போட்டோ பற்றி யாரும் சொல்லவில்லையே.

கோப்பையைப் பாலிஷ் போடாதீர்கள்! புளியும் வேண்டாம், விபூதியும் வேண்டாம், கடையில் விற்கும் திரவமும் வேண்டாம். மேலே இருப்பது மெல்லிய வெள்ளி முலாம். ஒவ்வொரு தேய்ப்பிலும் வெட்டெழுத்தின் விளிம்பு போகும். இருட்டு அறையில் வைத்து டார்ச்சைக் கிட்டத்தட்டப் படுக்கை வசமாக, பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். டார்ச்சை நாலு பக்கமும் நகர்த்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். அப்படியும் தெரியாவிட்டால் மெல்லிய தாளை வைத்து 6பி பென்சிலால் லேசாகத் தேய்த்து எடுக்கலாம். அடிப்பலகையில் ஆணி அடித்த சின்னத் தகடுகள் இருந்தால் வரிசையை நம்பாதீர்கள், கழன்றதை மாற்றி அடித்திருப்பார்கள். ஆணித் துளை இரண்டு ஜோடி இருந்தால் இடம் மாறிய தகடு.

கண்ணாடியில் ஒட்டிய போட்டோவை உரிக்கவே கூடாது. நம் பக்கத்து ஈரத்தில் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு வரும். கண்ணாடியோடு சேர்த்தே, நிழலான இடத்தில், கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்துப் பிரதிபலிப்பு இல்லாமல் படம் எடுங்கள். தனியாக இருப்பவற்றை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து டிஃப் கோப்பாக வையுங்கள். பின்பக்கத்தையும் சேர்த்து. ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும்.

குரூப் போட்டோவில் நடுவில் இருக்கும் பந்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சாக்பீஸால் ஆண்டு எழுதுவது பழைய வழக்கம். பனியன் எண் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பியிருந்தால் நெகட்டிவைப் புரட்டிப் பிரிண்ட் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அப்போது இடம் வலம் பெயர்ப்பட்டியல் தலைகீழாகும். உங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் இன்னொரு குறியும் உண்டு: பின்னால் தென்னந்தோப்பு அடர்ந்து நின்றால் 2018 நவம்பர் 16-க்கு முன். கஜா புயல் அதற்குப் பிறகு அந்தக் காட்சியை விட்டு வைக்கவில்லை.

வடவாறு:

எல்லோருக்கும் நன்றி. கோப்பைக்குப் புளி போடலாம் என்று ஒருவர் தயாராக இருந்தார், தடுத்துவிட்டேன். அந்த நோட்டீஸை மட்டும் சொல்லுங்களேன். அதே மேட்சைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னவற்றில் ஒத்துப்போவது: வெளியூர் டீம் சோழன் பஸ்ஸில் வந்து இறங்கியது, திடலை ஒட்டிய பள்ளிக்கு முந்தின புயலில் கூரை போயிருந்தது, கேப்டன் அப்போது பி.யூ.சி.

குடமுருட்டி:

அப்படியானால் கிட்டத்தட்ட முடிந்தது. மே 7 ஞாயிற்றுக்கிழமையில் விழுந்த ஆண்டுகள் 1967, 1972, 1978, 1989, 1995. (ஒரே தேதி ஒரே கிழமைக்கு 5, 6 அல்லது 11 ஆண்டு இடைவெளியில்தான் திரும்பும். போனில் இருக்கும் காலண்டரில் சரிபார்க்கலாம்.) சோழன் பஸ் 1967-ஐத் தள்ளுகிறது. பி.யூ.சி. 1989, 1995 இரண்டையும் தள்ளுகிறது. மிச்சம் 1972, 1978. கூரை போனது 1977 நவம்பர் புயலில்தான் என்றால் 1978. 1974, 1981 என்று சொன்ன இருவரும் நோட்டீஸோடு ஒத்துப்போகவில்லை, அந்த ஆண்டுகளில் மே 7 ஞாயிறே இல்லை.

ஆனால் புயல் எது என்பது இன்னும் வாய்ப்பேச்சுதான். பள்ளியில் கட்டடப் பதிவேடு இருந்தால் கூரை மாற்றிய ஆண்டைப் பாருங்கள். நோட்டீஸின் அடியில் அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும், அந்த அச்சகம் எப்போது தொடங்கியது என்றும் விசாரியுங்கள். அதுவரை மலரில் "1978 (1972-ஆகவும் இருக்கலாம்)" என்றே போடுங்கள்.

முரண்பட்ட நினைவுகளை வெட்ட வேண்டாம். அவர் சொன்னதை அவர் சொன்ன ஆண்டோடு அப்படியே அச்சிட்டு, கீழே சிறிய எழுத்தில் நீங்கள் கண்ட ஆண்டையும் காரணத்தையும் போடுங்கள். 1981 என்றவர் வேறொரு ஃபைனலைச் சொல்லியிருக்கவும் கூடும், அவரிடம் கயிற்றுச் சண்டையைப் பற்றி ஒருமுறை கேட்டுவிடுங்கள். அப்புறம், அடுத்த பதிவுக்குப் போகும்போது சீலிங் ஃபேனை நிறுத்தி, போனை ஃபிளைட் மோடில் போட்டு, வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். ஃபேன் சத்தம் பதிந்துவிட்டால் பெயர்கள்தான் முதலில் கேட்காமல் போகும்.