பிள்ளையின் கையில் கன்றிய தடங்கள்: யாரிடம் சொல்வது?

கேள்வி (பாலர் பள்ளி ஆசிரியை, ஈசூன், சிங்கப்பூர்):
நான்கு வயதுச் சிறுவன் ஒருவனின் இரு மேற்கைகளின் உட்புறத்திலும் விரல் அகலத்தில் நீலம் பாரித்த தடங்களைக் கண்டேன். சறுக்குமரத்தில் விழுந்ததாகத் தாயார் கூறுகிறார். ஆதாரமின்றிப் புகார் செய்தால் எனக்குச் சிக்கல் வருமா?

பதில் 1:
வராது, சகோதரி. ஒரு பிள்ளைக்குப் பாதுகாப்புத் தேவை என நல்லெண்ணத்துடன் தகவல் தருபவருக்குச் சிறுவர், இளையர் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. உங்களுக்கு நியாயமான சந்தேகம் இருந்தாலே போதும், அதை நிரூபிப்பது அதிகாரிகளின் வேலை. நிலைய முதல்வரிடம் இன்றே சொல்லுங்கள். அவர் தயங்கினால், 24 மணி நேரமும் இயங்கும் 1800-777-0000 என்ற, வன்முறைக்கு எதிரான தேசிய உதவி எண்ணை நீங்களே அழைக்கலாம். உடனடி ஆபத்தென்றால் 999.

பதில் 2:
விழும் பிள்ளைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் அடிபடுவதுதான் வழக்கம். மேற்கையின் உட்புறத்தில் அப்படிப் படுவது அரிது என்பதால் உங்கள் ஐயம் நியாயமானதே. அவன் தானாகச் சொல்வதை அவன் சொற்களிலேயே, தேதி நேரத்துடன் எழுதி வையுங்கள். "அப்பா அடித்தாரா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள், அது பின்னர் விசாரணையைக் கெடுக்கும்.

பதில் 3:
பெற்றோரை முதலில் அழைத்து விசாரிக்கவும் வேண்டாம். அன்றிரவு அந்தப் பிள்ளை அதே வீட்டுக்குத்தான் திரும்புகிறான்.