வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன்

பெரியக்கா: லண்டன் மச்சானும் மகனும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருகிறார்கள். டிக்கெட் எடுத்தாயிற்று. அவரை இந்தக் குழுவில் யாரும் சேர்த்துவிடாதீர்கள்.

சீனி மாமா: கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வான் யார் பிடிப்பது? போன முறை நான் கொடுத்த காசு இன்னும் வரவில்லை.

கனடாச் சித்தி: அண்ணா, அதை இப்போது எடுக்க வேண்டுமா?

நான்: எனக்கு வேறு அவசரம். மச்சான் 2004இல் விட்டுப்போன விளையாட்டுக் குதிரைப் படை ஆசையம்மா வீட்டில் இருக்கிறது. நேற்றுப் பெட்டியைத் திறந்தேன். 31 உருவங்கள். ஒன்பது ஈட்டிகள் முறிந்துவிட்டன. நான்கு குதிரைகளுக்குக் கால் இல்லை. அவர் வருவதற்குள் திருத்திவிட வேண்டும்.

சீனி மாமா: கிடங்கில் கிடந்த பொம்மைகளா?

நான்: ஆம் மாமா. 2009 தை மாதம் தையல் இயந்திரத்தோடு புதைத்த அதே பெட்டி.

பெரியக்கா: அந்த இயந்திரத்தைத் தோண்டி எடுத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

கனடாச் சித்தி: தொடங்கிவிட்டாயா!

பெரியக்கா: பெயர் சொல்லவில்லையே.

நான்: பொம்மை என்று தள்ளிவிடாதீர்கள். இது வார்ஹாமர் என்ற மேசைப் போர் விளையாட்டின் படை. இங்கிலாந்தில் 1983இல் வந்த விளையாட்டு. பிரெட்டோனியா என்ற கற்பனை நாட்டின் குதிரைவீரர்கள் இவர்கள். 2003க்குப் பிறகு இந்தப் படைக்குப் புதிய விதிநூல் வராமலே கிடந்தது. 2015இல் அந்தப் பழைய உலகத்தையே நிறுத்திவிட்டார்கள். 2024இல் மீண்டும் கொண்டுவந்தபோது முதலில் வந்த படைகளில் இதுவும் ஒன்று. மச்சானின் மகன் இப்போது இதைத்தான் சேர்க்கிறானாம்.

கனடாச் சித்தி: இங்கே இரவு இரண்டு மணி. காலையில் வாசிக்கிறேன்.

சீனி மாமா: தின்னர் ஊற்று. பழைய வர்ணம் ஒரு நொடியில் போய்விடும்.

நான்: வேண்டவே வேண்டாம் மாமா! குதிரைகள் பிளாஸ்டிக், உருகிவிடும். டெட்டோலில் ஒரு நாள் ஊறவைத்துப் பழைய பல்தூரிகையால் தேய்க்க வேண்டும். உடனே தண்ணீரில் கழுவினால் வர்ணம் பசையாகி ஒட்டிக்கொள்ளும். முதலில் டெட்டோலிலேயே அலசிவிட்டுப் பிறகுதான் தண்ணீர்.

பெரியக்கா: பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே நீலம் அடி. பாடசாலை அணிவகுப்புப் போல இருக்கும்.

நான்: இந்தப் படைக்கு அது பொருந்தாது அக்கா. ஒவ்வொரு வீரனுக்கும் தனிச் சின்னம், தனி நிறம். கேடயத்தில் உள்ளதே குதிரையின் போர்வையிலும் வர வேண்டும். அதனால் பொருக்கு உதிர்கின்றவற்றை மட்டும் உரிக்கப் போகிறேன். மச்சான் சிறுவயதில் பூசியது எங்கே நிற்கிறதோ அங்கே நான் தூரிகை வைக்க மாட்டேன்.

ஆசையம்மா: தம்பி, என் முதிரைப் பெட்டி சும்மா கிடக்கிறது. அதில் அடுக்கு.

நான்: மரப்பெட்டி வேண்டாம் ஆசையம்மா. உலோக உருவங்கள் இரண்டில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. அது ஈயம். மரத்திலிருந்து வரும் அமில ஆவி அதை இன்னும் அரிக்கும். அந்தப் பொடி மூச்சில் போகக்கூடாது. நான் வரும்வரை அவற்றைத் தொடாதீர்கள்.

ஆசையம்மா: பச்சைக் குதிரை?

நான்: அதற்கு ஒன்றும் ஆகவில்லை. சின்னண்ணா பூசியது அல்லவா. மச்சானின் வர்ணம் முடிந்தபிறகு பெயர்ப்பலகை எழுதுபவரிடம் எனாமல் வாங்கிவந்து பூசினார். கேடயத்தில் பனை வரைந்திருக்கிறார். ஓலைகூடத் தெரிகிறது.

பெரியக்கா: படை மச்சானுடையது. பிள்ளைக்குக் கொடுப்பதென்றால் முழுதாகக் கொடுக்க வேண்டும்.

ஆசையம்மா: பச்சையைப் பூசியவன் வந்து கேட்டால் நான் என்ன சொல்வேன்?

சீனி மாமா: அக்கா, அது உங்களிடமே இருக்கட்டும்.

பெரியக்கா: நான் அந்த எண்ணத்தில் சொல்லவில்லை ஆசையம்மா.

நான்: இந்தக் குதிரைவீரர்கள் மூன்று மூன்று பேராக நீண்ட அணியாகப் பாய்கிறவர்கள். பச்சை முன்வரிசையில் நடுவில் நிற்கும். அது வராவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுத்தான் அடுக்குவேன். வேறு குதிரையை அங்கே வைக்க மாட்டேன்.

ஆசையம்மா: நாளை கவனயீர்ப்புப் போராட்டத்துக்குக் கிளிநொச்சி போகிறேன். மறுநாள் பின்னேரம் வா. பச்சையைப் பற்றி அப்போது பார்ப்போம்.

நான்: வருகிறேன். டெட்டோல் பெரிய போத்தல் இரண்டு வேண்டும். யாராவது பரந்தன் பக்கம் போகிறீர்களா?

சீனி மாமா: நான் போகிறேன். வானுக்கு முற்பணம் யார் கொடுப்பது?