சவுண்ட் மிக்ஸருக்குப் பின்னாலிருந்து பார்த்த பாட்டுக்காரர்

சொந்தமாகப் பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடுகிறவர்களை நேரில் பார்த்த அனுபவத்தை ஆளாளுக்கு எழுதியிருக்கிறீர்கள். எல்லாரும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர்கள். எனக்கு அந்த யோகம் கிடையாது. நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மைக்செட் வைத்திருப்பவன். பாட்டுக்காரரின் முகத்தைவிட அவருடைய கேபிளும், மிக்ஸரில் ஒலியை ஏற்றி இறக்கும் கெயினும்தான் எனக்கு முதலில் கண்ணில் படும்.

எங்கள் சித்தூர் தாலுகா கேரளாவில் இருக்கிறது, ஆனால் எங்கள் ஊர்களில் திண்ணைப் பேச்சு தமிழ்தான். வேலந்தாவளம், நடுப்புணி, கோபாலபுரம் என்று எந்தச் செக்போஸ்ட்டைத் தாண்டினாலும் தமிழ்நாடு. எல்லைக்கு இந்தப் பக்கம் கானமேளா, அந்தப் பக்கம் ஆர்கெஸ்ட்ரா. பேர்தான் வேறு, பாட்டு லிஸ்ட் ஏறக்குறைய ஒன்று. இளையராஜா பாதி, யேசுதாஸ் கால்வாசி, மிச்சம் அந்த வருஷம் ஹிட்டான குத்து. இரவு பத்து மணிக்கு ஸ்பீக்கரை அணைக்க வேண்டும் என்ற சட்டமும் இரண்டு பக்கத்துக்கும் பொது. அந்தப் பத்து மணிக்குள் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் ஒரு பாட்டைக் கூட வீணாக்க மாட்டார்கள்.

நான் சொல்லப்போகிற ஆளின் பேரைப் போடவில்லை, அவர் விரும்ப மாட்டார். ஒரு கானமேளா ட்ரூப்பில் ரிதம் கிட்டார் வாசிக்க வந்தவர். சவுண்ட் செக் நேரத்தில் எல்லாரும் டீ குடிக்கப் போனபிறகு இவர் மட்டும் மேடையில் நின்று கிட்டாரின் வயிற்றுப் பக்கம் கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருந்தார். டக் டக் டக், ஒரு சின்ன நிறுத்தம், மறுபடி டக் டக். ஊஃபர் என்கிற பெரிய ஸ்பீக்கரில் அது அப்படியே இடி மாதிரி விழுந்தது. "தம்பி, தட்டாதீங்க, ஸ்பீக்கர் போயிரும்" என்றேன். "அண்ணா, தட்டாட்டி இந்தப் பாட்டே இல்லீங்ண்ணா" என்றார்.

அவருடைய அப்பா கள்ளு இறக்குகிறவர். சித்தூர் பக்கமிருந்துதான் கேரளா முழுக்கக் கள்ளு போகிறது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தென்னம்பாளையை இறுக்கிக் கட்டி, எலும்பால் சுற்றிலும் மெல்லத் தட்டித் தட்டி இளக்குவார்கள், அப்புறம்தான் நுனி சீவிப் பானை கட்டுவது. கையைப் பாளையின் அடுத்த பக்கத்துக்கு மாற்றும்போது ஒரு சின்ன இடைவெளி விழும். அந்தத் தட்டும், அந்த இடைவெளியும்தான் பாட்டின் தாளம். ஆதி தாளத்திலும் அடங்காது, டிரம்ஸ்காரர் எண்ணுகிற நாலு நாலிலும் அடங்காது. ட்ரூப்பின் டிரம்மர் கொஞ்ச நேரம் முயன்றுவிட்டு, "நீயே தட்டிக்க" என்று குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

சரி, தட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கு வழி பண்ண வேண்டும். கிட்டாரின் ஓட்டைக்கு ரப்பர் மூடி ஒன்று உண்டு, அது அவரிடம் இல்லை. ஒரு துண்டை மடித்து உள்ளே திணித்தோம். தட்டு இடியாக விழாமல் இருக்க, 200 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கனத்த ஒலியை மிக்ஸரில் நன்றாக வெட்டினேன். இன்னொரு தொல்லை காற்று. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் கிழக்குக் காற்று மைக்கில் விழுந்தால் பாட்டு கேட்காது, காற்றுதான் கேட்கும். மைக்குக்கு ஸ்பாஞ்ச் போட்டு, அடி ஒலியைக் குறைக்கும் லோ கட் போட்டு, முன்பக்க ஸ்பீக்கரையும் கொஞ்சம் திருப்பினோம். இவ்வளவும் ஒரு பாட்டுக்காக, அதுவும் லிஸ்ட்டிலேயே இல்லாத பாட்டுக்காக.

லிஸ்ட்டில் இல்லாததை எப்படிப் பாடினார்? மெயின் பாடகி சேலை மாற்றப் போன இடைவெளியில். கமிட்டித் தலைவர் என் பக்கம் வேகமாக வந்து, யாருடைய படப் பாட்டு இது என்று கேட்டார். பழைய படம் என்று சொல்லிவைத்தேன். பல்லவியில் மரமேறப் போகும் புருஷனிடம் மனைவி சொல்கிற இரண்டு வரி வரும்:

"ஏறையிலே எங்கள நெனைக்காத,
எறங்கையிலே மறக்காத."

பெண்கள் பக்கம் சத்தம் அடங்கிப்போனது. கைதட்டல் பெரிதாக ஒன்றும் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அடுத்த வருஷம் அதே கமிட்டி, "அந்தப் பாளைப் பாட்டுத் தம்பி வருவாரில்ல?" என்று கேட்டுத்தான் ட்ரூப்புக்கு அட்வான்ஸ் கொடுத்தது. ஜனங்களுக்குச் சினிமாப் பாட்டுதான் வேண்டும் என்பது பெரும்பாலும் கமிட்டிக்காரர்களின் பயம். ஜனங்கள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பெரிய ஆட்களும் சினிமாப் பாட்டு வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். தைக்குடம் பிரிட்ஜ் என்ற கேரள பேண்ட் 2013-ல் கப்பா டிவி என்ற மலையாள சேனலில் பேர் வாங்கியது பழைய சினிமாப் பாட்டுகளைக் கோத்துப் பாடித்தான், சொந்த ஆல்பம் அதற்கப்புறம்தான் வந்தது. முதலிலிருந்தே சொந்தப் பாட்டு என்று நின்ற அவியல் பேண்ட் மாதிரி ஆட்கள் குறைவு.

எங்கள் பக்கம் இந்தப் பேச்சை எடுத்தாலே நஞ்சியம்மாவிடம் வந்து நிற்கும். அட்டப்பாடி மலை இருளர் பெண்மணி. ஆசாத் கலா சங்கம் என்ற குழுவோடு மேடைகளில் பாடிக்கொண்டிருந்தவர். 2020-ல் வந்த 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் அவரே கட்டி, இருளர் மொழியில் பாடிய பாட்டுக்கு தேசிய விருது 2022-ல் அறிவிக்கப்பட்டது. படத்தை எடுத்த சச்சி அதைப் பார்க்க உயிரோடு இல்லை. முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கு விருதா என்று அப்போது சிலர் கேட்டார்கள். சுருதி பிசகாமல் பாடுகிற எத்தனையோ பேரை என் மிக்ஸர் வழியாக அனுப்பியிருக்கிறேன், மறுநாள் ஒரு குரலும் ஞாபகம் இருக்காது. அந்தக் கேள்விக்கு என் பதில் அவ்வளவுதான். ஆனால் மலையில் பாடிக்கொண்டிருந்தவரின் குரல் கீழே நம் காதுக்கு வர ஒரு சினிமா மேலே ஏறிப் போக வேண்டியிருந்தது. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நம்ம ஆளுக்கு எந்தச் சினிமாவும் வரவில்லை. வந்தது வேறு ஒன்று. யாரோ போனில் எடுத்த வீடியோவிலிருந்து இவர் குரலை உருவி, கீழே ஒரு பீட் போட்டு, வேறு பேரில், பாட்டுகளை ஆன்லைன் தளங்களுக்கு அனுப்பும் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக ரிலீஸ் செய்துவிட்டார்கள். அப்புறம் இவர் தன் சேனலில் சொந்தப் பாட்டைப் போட்டால் இது இன்னொருவர் பாட்டு என்று யூட்யூப் இவருக்கே காப்பிரைட் க்ளைம் அனுப்புகிறது! மெஷின் ஒலியை மட்டும்தான் ஒப்பிட்டுப் பார்க்கும், முதலில் பாடியது யார் என்பது அதற்குத் தெரியாது. இல்லை, என் பாட்டுதான் என்று இவர் டிஸ்ப்யூட் போட்டார். என் மிக்ஸரில் பென்டிரைவ் செருகி நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் பழக்கம் எனக்கு உண்டு. அந்த ஃபைல் தேதியோடு அப்படியே இருந்தது, தேவைப்பட்டால் காட்டலாம் என்று வாங்கிக்கொண்டார். எதிராளி 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. சொல்லவில்லை, க்ளைம் தானாக விழுந்தது. அந்தச் சூட்டோடு, பாட்டு எழுதுகிறவர்களுக்கும் மெட்டுப் போடுகிறவர்களுக்கும் ராயல்டி வாங்கித் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் மெம்பராகவும் சேர்ந்துவிட்டார். 2012-ல் காப்பிரைட் சட்டத்தைத் திருத்திய பிறகு, சினிமாவுக்கே எழுதிக் கொடுத்தாலும் எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ராயல்டி பங்கை முழுசாக விட்டுக்கொடுக்க முடியாது. இங்கே பாட்டு எழுதும் பிள்ளைகள் யாராவது இருந்தால் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்.

இதனால் பணம் கொட்டுகிறது என்று நினைக்க வேண்டாம். ஸ்பாட்டிஃபையில் ஒரு வருஷத்தில் 1000 தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு 2024 முதல் காசே கிடையாது. அவருடைய பாட்டுகளில் அந்தக் கோட்டைத் தாண்டியது பாளைப் பாட்டு மட்டும்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு விழாவில் நடந்ததுதான் எனக்கு மறக்காதது. தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. "கள்ளுப் பாட்டெல்லாம் வேண்டாம் தம்பி, நாளைக்கு அரசியலாயிரும்" என்றார் ஒரு பெரியவர். இவர் பேசாமல் தலையாட்டிவிட்டு, கடைசிப் பாட்டாக அதையே எடுத்தார். ஒரு சொல் மாற்றவில்லை. பாதிப் பாட்டில் வயசான ஆட்கள் மூன்று நாலு பேர் என் மிக்ஸர் பக்கம் வந்து நின்றார்கள். ஒருவர் ஃப்ளைட் கேஸ் என்கிற சாமான் பெட்டியின் மூடியில் விரல் மடக்கித் தட்டினார். டக் டக் டக், நிறுத்தம், டக் டக். எங்கள் டிரம்மருக்குப் பிடிபடாத இடத்தில் அவருக்குக் கை சரியாக விழுந்தது. அந்தக் காலத்தில் மரமேறியவராம். தடை வந்தபின் கயிறு ஃபேக்டரிக்குப் போய்விட்டாராம்.

இப்போது நம்ம ஆளுக்கு வேறு குறை. எங்கே போனாலும் பாளைப் பாட்டைக் கேட்கிறார்கள், மற்றதைக் கேட்பதில்லை. போர்வெல் லாரி பற்றி ஒன்று வைத்திருக்கிறார், என் கணக்கில் அதுதான் அவருடைய நல்ல பாட்டு. இந்த வருஷம் ஒரு கமிட்டியோடு பேச்சு நடக்கிறது. இருபது சினிமாப் பாட்டு, சொந்தப் பாட்டு இரண்டு என்கிறார்கள். அவர் நாலு கேட்கிறார். மூன்றில் வந்து நிற்கிறது, மூன்றாவதற்குத் தனி ரேட்டா என்று இன்னும் முடிவாகவில்லை.