மறு: ‘ஸோனிங்’குக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டத்தை (‘மாஸ்டர் பிளான்’) பற்றி எளிய தமிழில் ஒரு கையேடு எழுதப்போவதாகவும், நகரின் எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம் என்று பிரித்து வைக்கும் ‘ஸோனிங்’குக்குத் தமிழ்ச் சொல் கிடைக்காமல் முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டதாகவும் நம் குழுமத்து அம்மா ஒருவர் எழுதியிருந்தார்கள். அதற்கு வந்த மடல்களை எல்லாம் படித்தேன். கட்டட அனுமதிக்குப் பிளான் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு என்பதால் இந்தச் சொற்களோடுதான் தினமும் மல்லுக்கட்டுகிறேன். வரிசையாகப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

> மண்டலப்படுத்தல் என்று அகராதியிலேயே இருக்கிறதே. புதுச்சொல் எதற்கு?

ஐயா, சொல்லில் இலக்கணக் குறை எதுவும் இல்லை. ஆனால் சென்னையில் அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறது. 2011இல் மாநகராட்சி எல்லை விரிந்தபோது திருவொற்றியூர் தொடங்கி சோழிங்கநல்லூர் வரை 15 மண்டலங்கள் வந்தன. சொத்து வரி, குப்பை, கொசு மருந்து, மழைநீர் வடிகால் எதுவானாலும் ‘உங்க மண்டல அலுவலகத்துல கேளுங்க’ என்றுதான் பதில் வரும். இந்த ஊரில் ஒருவரிடம் ‘உங்கள் மனை எந்த மண்டலம்?’ என்று கேட்டால் ‘அடையாறு, பதிமூணு’ என்பார். நாம் எதிர்பார்த்த பதிலோ ‘கலப்புக் குடியிருப்பு’, அதாவது வீட்டோடு கடை போன்றவையும் வரலாம் என்ற பிரிவு. கையேட்டைப் படிப்பவரும் அப்படித்தான் புரிந்துகொள்வார். ஈழத்து நண்பர் சொன்ன ‘வலயம்’ இந்தச் சிக்கலைத் தாண்டிவிடும். ஆனால் அங்கே அது கல்வி வலயமாகப் புழங்குகிற சொல், இங்கே காதுக்குப் புதிது.

> தினசரிகளில் ‘நில வகைப்பாடு’ என்று எழுதுகிறார்கள். அதையே வைத்துக்கொண்டால் என்ன?

எனக்கு இருப்பதிலேயே பெரிய பயம் இந்தச் சொல்லிடம்தான். மற்றவை புரியாமல் போகும், அவ்வளவுதான். இது தவறாகப் புரியும்.

வருவாய்த் துறைக்கென்று ஒரு வகைப்பாடு காலங்காலமாக இருக்கிறது. நஞ்சை, புஞ்சை, நத்தம், தரிசு, புறம்போக்கு. புறம்போக்கிலேயே ஏரி, மேய்க்கால், கழுவெளி என்று பல பிரிவுகள். பள்ளிக்கரணைச் சதுப்பைப் பழைய ஆட்கள் கழுவெளி என்பார்கள். மந்தைவெளி என்ற பெயரைக் கேட்டாலே அங்கே முன்பு என்ன நின்றிருக்கும் என்று தெரிந்துவிடும். இந்த வகைப்பாடு நிலம் யாருடையது, எப்படிப்பட்டது, தீர்வை உண்டா என்பதைச் சொல்கிறது. இதற்கு வட்டாட்சியர் அலுவலகம் போக வேண்டும்.

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் வரைபடத்தில் வண்ணம் தீட்டுவது முற்றிலும் வேறு வேலை. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் முதல் முழுமைத் திட்டம் 1975இல் வந்தது, இரண்டாவது 2008இல். ஆதாரக் குடியிருப்பு (முதன்மையாக வீடுகளுக்கானது), கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், விவசாயம், திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு என்று அதில் பிரிவுகள் உண்டு. ஒரு நிலத்தில் இனிமேல் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்பதுதான் இங்கே கேள்வி. நிலம் யாருடையது என்று இந்த வரைபடம் கேட்பதே இல்லை.

இரண்டும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய கட்டாயம் கிடையாது. பதிவேட்டில் இன்றும் நஞ்சை என்றே கிடக்கும் புல எண் திட்டத்தில் ஆதாரக் குடியிருப்பாக இருக்கும். பட்டா பளிச்சென்று இருக்கும், வில்லங்கச் சான்றும் சுத்தமாக இருக்கும், ஆனால் அந்த இடம் திட்டத்தில் திறந்தவெளியாக இருக்கும். ‘வகைப்பாடு எல்லாம் சரியா இருக்கு சார்’ என்று தரகர் சொல்வதில் பொய் இல்லை. அவர் சொல்வது பட்டாவை. வாங்குகிறவர் திட்டத்தைச் சொல்வதாக நினைத்து முன்பணம் கொடுத்துவிடுவார். 2016இல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டபோது புறநகரெங்கும் கேட்ட புலம்பல், ‘பட்டா இருக்கே, அப்புறம் என்ன?’ என்பதுதான். ஒரே சொல் இரண்டு அலுவலகங்களுக்கும் ஓடிக்கொண்டிருக்கும்வரை இந்தக் கேள்வி ஓயாது. எனவே நாம் தேடும் சொல்லில் ‘வகை’ வரக்கூடாது என்பது என் முதல் நிபந்தனை.

> திணை! குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை... உலகின் முதல் ஸோனிங் நம்முடையதுதானே?

இது வரும் என்று காத்திருந்தேன். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் திணை, நிலம் தானாக எப்படி இருக்கிறதோ அதிலிருந்து வாழ்க்கையைச் சொல்வது. யாரும் அரசாணை போட்டு முல்லையை மருதமாக மாற்றவில்லை. இங்கே நடப்பது அதற்கு நேர் எதிர். நாளிதழில் அறிவிப்பு கொடுத்து, ஆட்சேபணை கேட்டு, விவசாயப் பகுதியை ஆதாரக் குடியிருப்பாக மாற்றி அரசிதழில் போடுகிறார்கள். அப்புறம் ‘திணை மாற்ற விண்ணப்பம்’ என்று ஒரு படிவத்தைக் கற்பனை செய்து பாருங்கள். திணைமயக்கத்துக்கும் (ஒரு திணைக்குரியது இன்னொன்றில் கலந்து வருவது) அதற்கும் வேறுபாடு தெரியாமல் தமிழாசிரியர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

சரி, சொல்லுக்கு முன்னால் பொருளின் எல்லையை முடிவு செய்ய வேண்டும். இதை ஒருவரும் தொடவில்லை. நியூயார்க்கில் 1916இல் கொண்டுவந்த விதிகளைப் பார்த்தால், எந்த இடத்தில் என்ன பயன், எவ்வளவு உயரம், மேலே போகப்போக எவ்வளவு பின்வாங்கிக் கட்ட வேண்டும் எல்லாமே ஒரே தொகுப்பில் இருக்கும். அங்கே ஸோனிங் என்றால் மொத்தமும் அடங்கும். நம் ஊரில் அப்படி இல்லை. என்ன பயன் என்பது முழுமைத் திட்டத்தின் வரைபடத்தில். எவ்வளவு கட்டலாம், எவ்வளவு இடம் விட வேண்டும், எவ்வளவு உயரம் போகலாம் என்பதற்கு 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைப் பார்க்க வேண்டும். ஆகவே அமெரிக்கக் கட்டுரையை மொழிபெயர்க்கிறவருக்குத் தேவைப்படுவது அகன்ற சொல். சென்னைக் கையேட்டுக்கு, பயனை மட்டும் சுட்டும் குறுகிய சொல் போதும், அதுதான் நல்லதும்கூட.

(நடுவே ஒன்று: போன மாதம் யாரோ ‘யூக்ளிடியன் ஸோனிங்’கை ‘வடிவியல் மண்டலமுறை’ என்று பெயர்த்திருந்தார்கள். இதில் வடிவியலுக்கு வேலையே இல்லை. ஓஹையோவில் யூக்ளிட் என்று ஓர் ஊர். அந்த ஊரின் பயன் விதிகள் செல்லும் என்று 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வீடு, கடை, தொழிற்சாலை என்று தனித்தனியாகப் பிரித்து வைக்கும் முறைக்கு அந்த வழக்கின் பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழில் ‘தனிப்பயன் முறை’ என்று விட்டுவிடலாம்.)

என் பரிந்துரை: பயன்வரையறை.

அரசாணைகளில் வரும் ‘உபயோகப் பகுதி’யைக் கொஞ்சம் தமிழாக்கி ‘பயன்பகுதி’ என்று ஸோனுக்கு வைத்துக்கொள்ளலாம். அந்தச் செயலுக்குப் பயன்வரையறை. ‘வரை’யில் கோடு கிழிப்பதும் இருக்கிறது, எல்லை போடுவதும் இருக்கிறது, வரைபடத்தில் நடப்பது இந்த இரண்டும்தான். ஸோன் மாற்றத்துக்குப் ‘பயன்பகுதி மாற்றம்’. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் சொல்லின் லட்சணம் தெரியும்:

“இந்த மனை வருவாய் வகைப்பாட்டில் புஞ்சை; பயன்வரையறையில் கலப்புக் குடியிருப்பு.”

இரண்டு அலுவலகமும் ஒரே வரியில் தனித்தனியாக நிற்கின்றன பாருங்கள். இதே வரியில் மண்டலத்தையோ வகைப்பாட்டையோ போட்டுப் பாருங்கள், சறுக்கும்.

ஆனால் இதன் மேலேயே இன்னோர் அடுக்கு விழும்போது என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி, திருவான்மியூருக்குத் தெற்கே கடலோர நிலத்தடி நீர்ச் செறிவுப் பகுதி, கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதி இவையெல்லாம் பயனைப் பற்றியவை அல்ல. ஏற்கெனவே ஒரு பயன்பகுதிக்குள் இருக்கும் நிலத்தின்மேல் கூடுதலாக வந்து உட்காரும் கட்டுப்பாடுகள். இவற்றுக்குக் ‘காப்புப் பகுதி’ என்று தனிப்பெயர் கொடுத்துப் பிரித்து வைப்பதே நல்லது. ஜார்ஜ் டவுனிலும் மயிலாப்பூரின் சில தெருக்களிலும் வரும் ‘தொடர் கட்டடப் பகுதி’ இன்னொரு ரகம். அங்கே சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் பழைய வீடுகளின் அமைப்பை விதி ஏற்றுக்கொள்கிறது, பக்கவாட்டில் இடம் விடச் சொல்வதில்லை. நல்ல தமிழ்ப்பெயர், ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, தொட வேண்டாம்.

> அப்படியே எஃப்எஸ்ஐ, செட்பேக் இரண்டுக்கும் சொல்லிவிடுங்களேன்.

எஃப்எஸ்ஐக்குத் தளப்பரப்புக் குறியீடு என்று அரசே வைத்துவிட்டது. விதியை மேற்கோள் காட்டும் இடத்தில் அதுவே இருக்கட்டும். ஆனால் விளக்கும் இடத்தில் ‘குறியீடு’ யாருக்கும் ஒன்றையும் விளக்காது. உண்மையில் அது, மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்கிற ஒரு மடங்கு, அவ்வளவே. ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. குறியீடு 2 என்றால் எல்லாத் தளங்களையும் சேர்த்து 4800 சதுர அடி. பழைய விதியில் 1.5ஆக இருந்தது 2019இல் 2 ஆனது. உயர்மாடிக் கட்டடத்துக்கு, முன்னால் 18 மீட்டர் சாலை இருந்தால், 3.25 வரை போகலாம். ‘தளமடங்கு 2’ என்று எழுதினால் கொத்தனாருக்கும் புரியும், வீட்டுக்காரருக்கும் புரியும். பணம் கட்டி வாங்கும் ப்ரீமியம் எஃப்எஸ்ஐயைக் ‘கட்டணத் தளமடங்கு’ எனலாம். சாலை அகலமாக ஆக அதுவும் கூடும் என்பதையும் கையேட்டில் மறக்காமல் எழுதுங்கள். குறுகிய தெருவில் மனை வைத்துக்கொண்டு ‘எனக்கு மட்டும் ஏன் கம்மி?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் அதுதான். கூட்டம் ஏறினால் தண்ணீர் லாரிக்கும் தீயணைப்பு வண்டிக்கும் தெரு வேண்டுமே.

கட்டடத்தைச் சுற்றிக் காலியாக விட வேண்டிய இடம்தான் செட்பேக். அதைப் ‘பின்னடைவு’ என்று எழுதுகிறவர்களைத் தேர்தல் முடிவு எழுத அனுப்பலாம். ‘பக்க இடைவெளி’ என்றால் முன்பக்கமும் பின்பக்கமும் விடுபட்டுப் போகும். எங்கள் தொழிலில் ‘சுத்தி எவ்வளவு விடணும்?’ என்றே கேட்பார்கள். அந்த ‘விடு’வை எடுத்து விடுவெளி என்று வைத்தேன். முன்விடுவெளி, பின்விடுவெளி, பக்க விடுவெளி. மனைப்பிரிவுகளில் பொதுவுக்கென்று ஒதுக்கும் நிலம் வேறு, அதற்குத் திறந்தவெளி ஒதுக்கீடு என்ற பெயர் நிலைத்துவிட்டது: 3000 சதுர மீட்டருக்கு மேலான நிலத்தில் 10 சதவீதம், 10,000ஐத் தாண்டினால் நிலமாகவே கொடுத்தாக வேண்டும், பணம் கட்டித் தப்ப முடியாது. விடுவெளி உங்களுடையது, ஒதுக்கீடு ஊருடையது.

‘வளர்ச்சி’யைப் பற்றி ஒருவர் கோபமாக எழுதியிருந்தார். சதுப்பில் மண் கொட்டுவதற்குமா வளர்ச்சி என்று பெயர் என்று கேட்டார். கேள்வி நியாயம்தான், ஆனால் சட்டத்தில் அது பாராட்டுச் சொல் அல்ல. கட்டுவது, மனை பிரிப்பது, வீட்டைக் கடையாக்குவது எல்லாமே சட்டத்தின் கணக்கில் வளர்ச்சி. அனுமதி வாங்க வேண்டிய செயல் என்றுதான் அதற்குப் பொருள். கையேட்டில் ‘நிலச் செயல்பாடு’ என்று ஒருமுறை விளக்கிவிட்டு மேலே போகலாம். ‘வளர்ச்சிக் குழுமம்’ என்ற அரசு அமைப்பின் பெயரை நம்மால் மாற்ற முடியாது. நாம் மடல் எழுதும் இடத்துக்கும் அதே ‘குழுமம்’தான் பெயர் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, நம்மிடம் அனுமதி கேட்டு யாரும் வரிசையில் நிற்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

எனக்குப் பிடி கிடைக்காத சொல் ஒன்று மிச்சம் இருக்கிறது. திட்டம் வருவதற்கு முன்பே ஒரு பயன் அங்கே நடந்துகொண்டிருக்கிறது. திட்டம் வந்த பிறகு அது அந்தப் பகுதிக்குப் பொருந்தாததாக ஆகிவிடுகிறது. ஆனாலும் உடனே மூடச் சொல்ல முடியாது. குடியிருப்புத் தெரு நடுவே தலைமுறையாக ஓடும் மாவு மில், லேத் பட்டறை மாதிரி. ‘பொருந்தாப் பயன்’ என்றால் சட்டவிரோதம் என்ற வாசனை அடிக்கிறது, அது உண்மையல்ல. தி. நகரில் வீட்டு மாடி கடையானதையும் இதையும் ஒன்றாகப் போட முடியாது. அது பிறகு நடந்த மாற்றம், இது முன்பே இருந்தது. தற்காலிகமாக ‘முன்னிருந்த பயன்’ என்று எழுதுகிறேன், மனம் ஒப்பவில்லை. வடசென்னை நண்பர்கள் யாராவது பட்டறைக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதினால் உதவியாக இருக்கும். சொல்லை மட்டும் அனுப்பாமல் ஒரு வாக்கியத்தில் வைத்து அனுப்புங்கள்.