புதுப்பிப்பு: பார் தேர்வு, மறுபடியும்
சட்டம் படித்தவர்கள் வழக்கறிஞராகத் தொழில் செய்யத் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வில் 43 எடுத்து, ரெண்டு மார்க்கில் கோட்டை விட்டதைப் போன பதிவில் புலம்பியிருந்தேன். பொதுப் பிரிவுக்கு 45 வேண்டும். சரி, மறுபடி விண்ணப்பித்தாயிற்று.

அரசியலமைப்பு, உரிமையியல் நடைமுறை, குற்றவியல் நடைமுறை மூன்றுக்கும் தலா 10 கேள்வி. நிறுவனச் சட்டத்துக்கு 2தான். அதைக் கிடப்பில் போட்டுவிட்டேன். குடைச்சல் கொடுப்பது புதுச் சட்டங்கள்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், அதாவது நீதி காக்கத் தேவையான உத்தரவைப் போடும் அதிகாரம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ்ஸில் அதே எண் முன்ஜாமீன். உள்ளார்ந்த அதிகாரம் 528-க்குப் போய்விட்டது. எங்கள் சீனியரே சில நேரம் நாக்கைக் கடிக்கிறார்.

குறிப்புகள் இல்லாத பேர் ஆக்ட் (சட்டத்தின் வாசகம் மட்டும் உள்ள புத்தகம்) தேர்வுக்குக் கொண்டுபோகலாம் என்பதால், பொருளடக்கத்தை வைத்துப் பிரிவைச் சட்டென்று தேடிப் பழகுகிறேன். நெகட்டிவ் மார்க் கிடையாது, ஒரு வட்டத்தையும் காலியாக விடுவதாக இல்லை. ஹால் டிக்கெட் வந்ததும் எழுதுகிறேன்.